மெஷினுக்கு முன்னாடி ஒரு தராசு... நாலு மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு ஒரு தீவனக் கணக்கு!

சொசைட்டியில் பால் பணம் போட்ட அன்றைக்கே தீவனக் கடைக்காரருக்கும் பாக்கியைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் கையில் மிஞ்சுவது என்ன? நாலைந்து மாடு வைத்திருக்கும் பல வீடுகளில் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடையாது. "ஏதோ ஓடுது" என்பதுதான் பதில்.

ஒரு லிட்டர் பாலை உற்பத்தி செய்ய ஆகும் செலவில் 60 முதல் 70 சதவிகிதம் வரை தீவனத்துக்கே போய்விடுகிறது என்று கால்நடைத் துறையினர் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். பால் விலையை நாம் நிர்ணயிக்க முடியாது. புண்ணாக்கு விலையும் நம் கையில் இல்லை. ஆனால், எந்த மாட்டுக்கு எவ்வளவு, எப்போது, எப்படிப் போடுகிறோம் என்பது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது. சின்னப் பண்ணையில் லாபம் ஒளிந்திருக்கும் இடமும் அதுதான்.

'பண்ணையை மேம்படுத்தணும்' என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கறவை இயந்திரம், புதுக் கொட்டகை, இல்லையென்றால் இன்னொரு மாடு. கடனும் அதற்குத்தான் வாங்குகிறார்கள். இருக்கிற நாலு மாட்டுக்குத் தீவனம் போடும் முறையைச் சரிசெய்யாமல் ஐந்தாவது மாட்டை வாங்கினால், நட்டமும் ஐந்தாகப் பெருகும். அதனால், எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று வரிசையாகப் பார்த்துவிடலாம்.

எல்லா மாட்டுக்கும் ஒரே வாளியா?

ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நாலு கலப்பின மாடுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 கிலோ எடை. ஒன்று நாளைக்கு 10 லிட்டர் கறக்கிறது. இன்னொன்று 8 லிட்டர். மூன்றாவது 5 லிட்டர். நாலாவது பால் வற்றிய எட்டு மாதச் சினை மாடு. மொத்தம் 23 லிட்டர் பால்.

நாலுக்கும் காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. கணக்குப் பார்த்தால் மாட்டுக்கு 5 கிலோ அடர்தீவனம். அதோடு ஆளுக்கு 7 கிலோ வைக்கோல். வரப்பில் புல் கிடைத்தால் புல், கிடைக்காத நாளில் இல்லை. பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். எந்தப் பாகுபாடும் இல்லாத சமமான கவனிப்பு. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும்.

மாட்டின் உடம்புக்கு இது நியாயமே இல்லை. 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இது போதாது. அது தன் உடம்பைக் கரைத்துப் பாலாகக் கொடுக்கும். கொஞ்ச நாளில் எலும்பு தெரியும், பால் இறங்கும், பருவத்துக்கு வராது. வந்தாலும் சினை நிற்காது. இன்னொரு பக்கம், பால் வற்றிய மாடு தேவைக்கு மேல் தின்று கொழுக்கும். கொழுத்த மாட்டுக்குக் கன்று ஈனும்போதும் சிரமம், ஈன்ற பிறகும் தீவனம் எடுக்காது. ஒரே வாளி இரண்டு மாட்டையும் கெடுக்கிறது.

இதற்குக் கால்நடைத் துறையில் ஓர் எளிய கணக்கு உண்டு. வைக்கோலை நம்பியிருக்கும் கலப்பின மாட்டுக்கு, உடம்பைப் பேணிக்கொள்ள 2 கிலோ அடர்தீவனம். அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. எருமை என்றால் 2 லிட்டருக்கு 1 கிலோ. சினையின் கடைசி இரண்டு மூன்று மாதங்களில் கன்றின் வளர்ச்சிக்காக இன்னும் ஒரு கிலோ. இதுதான் அடிப்படை.

இந்தக் கணக்கைப் போட்டால், 10 லிட்டர் மாட்டுக்கு 6 கிலோ, 8 லிட்டர் மாட்டுக்கு 5.2 கிலோ, 5 லிட்டர் மாட்டுக்கு 4 கிலோ, சினை மாட்டுக்கு 3 கிலோ. மொத்தம் 18.2 கிலோ. முன்பு போட்டது 20 கிலோ. மிச்சம் பெரிதாக இல்லை என்று தோன்றும். ஆனால், அதே தீவனம் இப்போது சரியான வாய்க்குப் போகிறது. பெரிய மிச்சம் அடுத்த கட்டத்தில் வரும்.

முதல் முதலீடு: தராசும் நோட்டும்

வாளிக்கு எடை தெரியாது. ஒரு வாளி தவிடும் ஒரு வாளி புண்ணாக்கும் ஒரே எடை கிடையாது. இன்றைக்கு மாமியார் அள்ளிப் போடும் வாளியும் நாளைக்கு மருமகள் அள்ளிப் போடும் வாளியும்கூட ஒன்றாக இருக்காது. அதனால்தான் முதலில் வாங்க வேண்டியது தராசு என்கிறோம். கொக்கியில் மாட்டும் தொங்கு தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. புல் கட்டையும் எடை போடலாம், தீவனத்தையும் எடை போடலாம்.

அடுத்து, பள்ளிக்கூட நோட்டு ஒன்று. 14 நாளைக்கு மட்டும் ஒவ்வொரு மாட்டுக்கும் தனிப் பக்கம் போட்டு நாலு விஷயம் எழுதுங்கள். எவ்வளவு போட்டோம், தொட்டியில் எவ்வளவு மிச்சம் கிடந்தது, காலையும் மாலையும் எத்தனை லிட்டர் பால், சாணி எப்படி இருந்தது. இரண்டு வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால், எந்த மாடு தீனிக்கு ஏற்ற பால் தருகிறது, எது தின்றுவிட்டு நிற்கிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

மாட்டின் எடையைக் கண்டுபிடிக்க எடைமேடை வேண்டியதில்லை. தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். தோள்பட்டை முனையிலிருந்து பின்புறம் வால் பக்க எலும்பு வரை நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். நெஞ்சு அளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் தோராய எடை வரும். நெஞ்சு 66 அங்குலம், நீளம் 58 அங்குலம் என்றால் சுமார் 383 கிலோ. போனில் இருக்கும் கால்குலேட்டரில் ஒரு நிமிட வேலை.

எடை எதற்கு? மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில் இரண்டரை முதல் மூன்று சதவிகிதம் வரை உலர்பொருளாகத் தின்னும். அதாவது, ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 400 கிலோ மாட்டுக்கு 10 முதல் 12 கிலோ. வைக்கோலில் 90 சதவிகிதம் உலர்பொருள். பசும்புல்லில் சுமார் 20 சதவிகிதம்தான், மிச்சமெல்லாம் தண்ணீர். 'முப்பது கிலோ புல் போட்டேனே' என்று நாம் நினைத்தாலும், மாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது 6 கிலோதான்.

மாட்டுக்குச் சோறு போடுகிறோமா, வயிற்றில் உள்ள கிருமிக்கா?

மாட்டின் இரைப்பையில் நாலு அறைகள். அதில் முதல் அறை மட்டுமே 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நாம் செரிக்க முடியாத வைக்கோலைச் செரித்து மாட்டுக்குச் சக்தியாக மாற்றுவது அவைதான். அந்த நுண்ணுயிர்கள் நன்றாக இருந்தால் மாடு நன்றாக இருக்கும்.

அவற்றுக்குப் பிடிக்காதது திடீர் மாற்றம். நேற்று வரை வைக்கோல், இன்றைக்கு முழுக்கப் பசும்புல் என்றால் வயிறு கெட்டுப்போகும். எந்தப் புதுத் தீவனத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, 10 முதல் 14 நாளில் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

அடர்தீவனம் ஒரே வேளையில் அதிகமாகப் போனாலும் வயிற்றில் அமிலம் கூடும். மாடு நார்த்தீவனத்தை மென்று அசைபோடும்போது சுரக்கும் எச்சில், சோடா உப்பைப் போல அந்த அமிலத்தைத் தணிக்கிறது. நன்றாக அசைபோடும் மாட்டுக்கு ஒரு நாளில் நூறு லிட்டர் அளவுக்கு எச்சில் சுரக்கும். அதனால், அடர்தீவனத்தை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுவதும், அதற்கு முன்பு கொஞ்சம் வைக்கோலோ தட்டோ கொடுப்பதும் நல்லது.

இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. தீனி முடிந்து மாடுகள் படுத்திருக்கும் நேரத்தில் கொட்டகைக்குப் போய்ப் பாருங்கள். படுத்திருப்பவற்றில் பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருந்தால் வயிறு சரி. ஒன்றிரண்டு மட்டும்தான் அசைபோடுகிறது என்றால் தீவனத்தில் ஏதோ சரியில்லை. சாணி தண்ணீராகப் போனாலும், மக்காச்சோளம் முழுசாக வெளியே வந்தாலும் அதே பொருள்தான்.

செலவே இல்லாத முதல் மாற்றம்: தண்ணீர்

பாலில் சுமார் 87 சதவிகிதம் தண்ணீர். ஆனாலும், பல வீடுகளில் மாட்டுக்கு நாளைக்கு இரண்டு முறை, மூன்று முறைதான் 'தண்ணி காட்டுகிறார்கள்'. கறவை மாட்டுக்கு நாளைக்கு 60 முதல் 80 லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். சித்திரை வெயிலில் 100 லிட்டரும் போகும். தண்ணீர் குறைந்தால் மாடு தீனியைக் குறைத்துக்கொள்ளும். தீனி குறைந்தால் பால் குறையும்.

கட்டியிருக்கும் இடத்திலேயே, எந்நேரமும் எட்டும்படி தண்ணீர்த் தொட்டி இருக்க வேண்டும். பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து வைத்தாலும் போதும். ஒரு மிதவை வால்வு போட்டுவிட்டால் ஆள் பார்க்க வேண்டியதில்லை. நிழலில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பாசி போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். நாம் குடிக்கத் தயங்கும் தண்ணீரை மாட்டுக்கும் வைக்க வேண்டாம்.

இதோடு சேர்ந்ததுதான் தவிடும் புண்ணாக்கும் கரைத்து ஊற்றும் பழக்கம். வாளித் தண்ணீரில் தீவனத்தைக் கரைத்து வைத்தால் மாடு மெல்லாமல் மடமடவென்று உறிஞ்சிவிடும். எச்சில் சேராது. அடியில் தங்கியது புளித்துக் கிடக்கும். அதற்குப் பதிலாக, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் புட்டுப் பதத்தில் பிசறி வைத்தால் தூசும் பறக்காது, மாடும் மென்று தின்னும். தண்ணீரைத் தனியாக வையுங்கள்.

தீவனத் தொட்டியையும் ஒருமுறை பாருங்கள். தொட்டியின் அடித்தளம், மாடு நிற்கும் தரையைவிட நாலு முதல் ஆறு அங்குலம் உயரமாக இருந்தால் போதும். மேயும்போது தலையைக் குனிந்து தின்பதுதான் மாட்டுக்கு இயல்பு. மார்பு உயரத்தில் தொட்டி கட்டினால் புல்லை இழுத்து வெளியே சிந்தும். உள்பக்கம் வழவழப்பாக, மூலை இல்லாமல் வளைவாகப் பூசியிருந்தால் பழைய தீவனம் ஒட்டிப் பூஞ்சை பிடிக்காது.

80 சென்ட் நிலம் என்ன செய்யும்?

இப்போது பெரிய மிச்சத்துக்கு வருவோம். புல் வகைப் பசுந்தீவனம் 20 கிலோ போட்டால் ஒரு கிலோ அடர்தீவனத்தைக் குறைக்கலாம். வேலிமசால், குதிரைமசால், காராமணி போன்ற பயறு வகைத் தீவனம் என்றால் 6 முதல் 8 கிலோ போட்டாலே ஒரு கிலோ குறைக்கலாம். ஆக, ஒரு மாட்டுக்கு 20 கிலோ புல்லும் 7 கிலோ வேலிமசாலும் கொடுத்தால், 2 கிலோ அடர்தீவனம் மிச்சம்.

நம் உதாரண வீட்டில் அப்படிக் குறைத்தால், 10 லிட்டர் மாட்டுக்கு 4 கிலோ, 8 லிட்டர் மாட்டுக்கு 3.2 கிலோ, 5 லிட்டர் மாட்டுக்கு 2 கிலோ. சினை மாட்டுக்குக் கொஞ்சம் தாராளமாக ஒன்றரை கிலோ. மொத்தம் 10.7 கிலோ. இரண்டரை நாளில் தீர்ந்துகொண்டிருந்த 50 கிலோ தீவன மூட்டை இனி நாலரை நாளைத் தாண்டும். வைக்கோலும் 7 கிலோவிலிருந்து 3 கிலோவாகக் குறையும்.

பணமாக்கிப் பார்ப்போம். அடர்தீவனம் கிலோ 30 ரூபாய், வைக்கோல் 6 ரூபாய், சொந்தமாக வளர்க்கும் புல்லுக்கு ஆள் கூலி, எரு, தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒன்றரை ரூபாய், வேலிமசால் 2 ரூபாய், பால் லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காகப் போட்ட விலைதான். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

* பழைய முறை: அடர்தீவனம் 20 கிலோ – 600 ரூபாய். வைக்கோல் 28 கிலோ – 168 ரூபாய். மொத்தம் 768 ரூபாய்.
* புது முறை: அடர்தீவனம் 10.7 கிலோ – 321 ரூபாய். வைக்கோல் 12 கிலோ – 72 ரூபாய். புல் 80 கிலோ – 120 ரூபாய். வேலிமசால் 28 கிலோ – 56 ரூபாய். தாது உப்பு – 20 ரூபாய். மொத்தம் 589 ரூபாய்.
* 23 லிட்டர் பாலுக்கு வரவு: 805 ரூபாய்.

பழைய முறையில் தீவனம் போக நின்றது 37 ரூபாய். புது முறையில் நிற்பது 216 ரூபாய். பால் ஒரு சொட்டுக்கூடக் கூடவில்லை என்று வைத்துக்கொண்டாலும், மாதம் 5,370 ரூபாய் வித்தியாசம். மாட்டுக் கடன் தவணையைக் கட்ட முடிகிற வீட்டுக்கும் முடியாத வீட்டுக்கும் உள்ள இடைவெளி இதுவாகக்கூட இருக்கலாம்.

இதற்கு எவ்வளவு நிலம் வேண்டும்? கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4, கோ-5 ரகங்கள் பரவலாக இருக்கின்றன. கோ-4 ரகத்துக்கு எக்டேருக்கு ஆண்டுக்கு 380 முதல் 400 டன் வரை மகசூல் சொல்லப்படுகிறது. நம் தோட்டத்தில் அதில் பாதிதான் வரும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அப்படியானால் ஏக்கருக்குச் சுமார் 75 டன். நாலு மாட்டுக்கு ஆண்டுக்குத் தேவை 29 டன். 40 சென்ட் போதும். வேலிமசாலுக்கும் இதே போலப் பாதி மகசூல் போட்டால் இன்னொரு 40 சென்ட். ஆக, பாசன வசதியோடு 80 சென்ட்.

புல்லை ஒரே நாளில் நட்டு, ஒரே நாளில் அறுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு வாரம் புல் குவியும், அடுத்த மாதம் வெறும் கட்டை நிற்கும். கோ-4, கோ-5 முதல் அறுவடைக்கு 75 முதல் 80 நாளில் வரும். பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். அதனால், 40 சென்ட்டை 45 பாத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்தி ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. தினம் ஒரு பாத்தி. கடைசிப் பாத்தியை அறுக்கும்போது முதல் பாத்தி தயாராக இருக்கும். முற்றிப்போகாத இளம்புல் தினமும் கிடைக்கும்.

இதில் வீட்டுப் பெண்களுக்குக் கிடைக்கும் நிம்மதியைக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. மாட்டு வேலையில் பெரும்பகுதி அவர்கள் தலையில்தான். வெயிலில் வரப்பு வரப்பாகப் போய்ப் புல் அறுத்து, கட்டிச் சுமந்து வரும் இரண்டு மணி நேரம், வீட்டுக்குப் பின்னால் பாத்தி இருந்தால் அரை மணி நேரமாகும்.

இரண்டு எச்சரிக்கை. நேப்பியர் புல்லை மட்டுமே மாதக்கணக்கில் போடக் கூடாது. அதில் உள்ள ஆக்சலேட் உடம்பில் சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாது. பயறு வகையையும் வைக்கோலையும் சேர்த்தே போட வேண்டும். அடுத்தது சோளம். பூக்காத இளஞ்சோளப் பயிரிலும், வறட்சியில் வாடி நிற்கும் சோளத்திலும், அறுத்த கட்டையிலிருந்து துளிர்க்கும் தளிரிலும் சயனைடு நச்சு இருக்கும். தின்ற கொஞ்ச நேரத்திலேயே மாடு விழுந்துவிடலாம். சோளம் பூத்த பிறகு அறுத்துப் போடுவதுதான் பாதுகாப்பு.

நிலமே இல்லாதவர்கள் என்ன செய்வது? வேலி ஓரத்தில் அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல், கல்யாண முருங்கை நடலாம். கடலைக்கொடி, உளுந்துச் செடி கிடைக்கும் பருவத்தில் வாங்கிக் காயவைத்துப் போர் போட்டுக்கொள்ளலாம். வைக்கோலை நம்புவதைவிட இது பல மடங்கு மேல்.

புல் வெட்டும் மெஷின்... இப்போது வாங்கலாம்

முழுப் புல்லைப் போட்டால் மாடு இலையை உருவித் தின்றுவிட்டுத் தண்டைக் காலில் மிதித்துவிடும். போட்டதில் கால்வாசி சாணிக்குழிக்குப் போவதைப் பல கொட்டகைகளில் பார்க்கலாம். ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் போட்டால் இந்தச் சேதாரம் வெகுவாகக் குறையும். நாலைந்து மாட்டுக்கு 2 குதிரைத்திறன் மோட்டார் வைத்த சிறிய மெஷின் போதும். பொடிப்பொடியாக அரைத்துவிடக் கூடாது. நார் நீளமாக இருந்தால்தான் மாடு அசைபோடும்.

இந்த மெஷினில் கையை இழந்தவர்கள் உண்டு. புடவைத் தலைப்பு, துப்பட்டா, வளையல், தளர்ந்த சட்டைக் கை எதுவும் அருகில் போகக் கூடாது. புல் சிக்கினால் கையை விடாமல் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே எடுக்க வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

நறுக்கிய புல், வைக்கோல், பிசறிய அடர்தீவனம் மூன்றையும் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து போட்டால், பெரிய பண்ணைகள் பல லட்ச ரூபாய் இயந்திரத்தில் செய்யும் 'முழுக் கலப்புத் தீவனம்' நம் வீட்டிலும் தயார். மாடு பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்ன முடியாது.

கோடைக்கு ஓர் ஊறுகாய்

சித்திரை, வைகாசியில் கிணறு வற்றினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் ஆட்டம் காணும். அதற்குத்தான் சைலேஜ். மழைக்காலத்தில் விளைந்த மக்காச்சோளப் பயிரைக் கதிரோடு, மணி பால் பிடித்து மாவாக இறுகும் நேரத்தில் அறுத்து, முக்கால் அங்குலத் துண்டாக நறுக்கி, காற்றுப் புகாமல் அழுத்திக் கட்டி வைப்பது. 45 நாளில் தயார்.

ஈரப்பதம் சரியா என்று தெரிய, நறுக்கியதை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், ஒரு நாள் வாடவிட வேண்டும். உடனே உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. உருண்டையாக நின்று மெதுவாக விரிந்தால் சரியான பதம்.

நாலு மாட்டுக்குத் தலா 15 கிலோ வீதம் 90 நாளைக்கு 5,400 கிலோ வேண்டும். சேதாரத்தையும் சேர்த்தால் ஆறு டன்னுக்குக் கொஞ்சம் மேல். சுமார் 40 சென்ட் மக்காச்சோளம் இதைத் தரும்.

பெரிய பண்ணையைப் பார்த்துவிட்டுப் பெரிய குழி வெட்டுவது சின்னப் பண்ணைக்காரர்கள் செய்யும் தவறு. குழியைத் திறந்துவிட்டால் தினமும் முகப்பு முழுவதும் அரை அடி ஆழத்துக்காவது எடுத்துக்கொண்டே போக வேண்டும். இல்லையென்றால் காற்றுப் பட்டுக் கெட்டுவிடும். நாலு மாடு தின்னும் 60 கிலோவுக்கு அவ்வளவு வேகமாக எடுக்க முடியாது. அதனால், 50 கிலோ பை அல்லது மூடி போட்ட டிரம்தான் நமக்குச் சரி. ஒரு நாளைக்கு ஒரு பைக்குக் கொஞ்சம் மேல். எலி கடிக்காத இடத்தில் அடுக்க வேண்டும்.

நல்ல சைலேஜ் மஞ்சள் கலந்த பச்சையில், புளித்த பழ வாசத்தோடு இருக்கும். கறுத்து, பூஞ்சை படிந்து, நாற்றம் அடித்தால் எருக்குழிக்குத்தான். பால் கறந்த பிறகு போடுங்கள், இல்லையென்றால் பாலில் வாசம் ஏறும்.

அசோலா, தாது உப்பு: எது எவ்வளவு?

தாது உப்புக் கலவை நாளைக்கு 30 முதல் 50 கிராம் கட்டாயம். ஒரு லிட்டர் பாலில் ஒரு கிராமுக்கு மேல் கால்சியம் வெளியே போகிறது. அதை ஈடுகட்டாவிட்டால் சினை பிடிப்பதில் முதல் அடி விழும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மையங்களிலும், கால்நடை மருந்தகங்களிலும் இதைப் பற்றிக் கேட்கலாம்.

அசோலாவில் புரதம் அதிகம் என்பது உண்மை. ஆனால், 90 சதவிகிதத்துக்கு மேல் தண்ணீர் என்பதும் உண்மை. ஒரு கிலோ அசோலாவில் உலர்பொருள் 50 முதல் 70 கிராம்தான் தேறும். நன்றாகக் கழுவி ஒன்றிரண்டு கிலோ கொடுப்பது நல்ல துணைத் தீவனம். 'அசோலா போட்டால் புண்ணாக்கே வேண்டாம்' என்ற வாட்ஸ்அப் செய்தியை மட்டும் நம்பாதீர்கள்.

பூஞ்சை பிடித்த புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். அதில் உள்ள அஃப்ளாடாக்சின் நச்சு மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு பாலிலும் வரும். அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தையும்தான். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

கல்யாண வீட்டுச் சோறு: பாசமே ஆபத்தாகும்

மாட்டுப் பொங்கலன்று ஆசையாகப் பொங்கலை ஊட்டுகிறோம். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து தொட்டியில் கொட்டுகிறோம். ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி தப்பில்லை. கிலோ கணக்கில் போனால், முன்பு சொன்ன முதல் அறையில் அமிலம் திடீரென்று ஏறும். மாடு தீனியை நிறுத்தும், இடப்பக்க வயிறு உப்பும், பல்லைக் கடிக்கும், தண்ணீராகக் கழியும், எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடும். ஒரு நாளுக்குள் உயிர் போகலாம். கட்டவிழ்த்துக்கொண்டு தவிட்டு மூட்டையையோ, அரிசி மூட்டையையோ மேய்ந்துவிட்டாலும் இதே கதைதான்.

இதற்குக் கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்த வேண்டாம். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் உதவிக்கான கட்டணமில்லா எண் 1962. போனில் இப்போதே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதை முதலில்... எதை அப்புறம்?

கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்ப இந்த வரிசையில் போகலாம்:

1. முதல் வாரம்: தராசு, நோட்டு, 24 மணி நேரத் தண்ணீர்.
2. மூன்றாவது வாரம்: பாலுக்கு ஏற்ற அடர்தீவனம், புட்டுப் பதம், தினசரி தாது உப்பு.
3. அடுத்த மூன்று மாதம்: பாத்தி பாத்தியாகப் புல், வேலிமசால். புல் வரத் தொடங்கிய பிறகு மட்டுமே அடர்தீவனத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முன்கூட்டியே குறைத்தால் பால் விழும்.
4. புல் வந்த பிறகு: நறுக்கும் மெஷின். இதற்கு அரசு மானியத் திட்டம் நடப்பில் இருக்கிறதா என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.
5. அடுத்த கோடைக்கு முன்: பைகளில் சைலேஜ்.
6. இவ்வளவும் சரியான பிறகு: கறவை இயந்திரமோ, ஐந்தாவது மாடோ.

கணக்குப் போடச் சிரமமாக இருந்தால், 2020-ல் மத்திய அரசு அறிமுகப்படுத்திய இ-கோபாலா செயலி உதவும். தேசிய பால்வள வாரியத்தின் துணையோடு உருவான இதில், மாட்டுக்கு ஏற்ற சரிவிகிதத் தீவனம் பற்றிய வழிகாட்டுதல் இருக்கிறது. வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் அந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள். நோட்டையும் அவர்களே எழுதட்டும்.

மாற்றம் பலன் தருகிறதா என்பதைச் சொசைட்டி ரசீதிலேயே பார்க்கலாம். கொழுப்பு குறைந்தால் நார்த்தீவனம் போதவில்லையா என்று பாருங்கள். எஸ்.என்.எஃப் குறைந்தால் மாட்டுக்குச் சக்தி போதவில்லையா என்று பாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மாட்டின் தோல் மினுமினுப்பும், காலத்தில் பருவத்துக்கு வருவதும் மிச்சத்தைச் சொல்லிவிடும். இன்றைக்குச் சாயந்திரம் தீவனம் போடும்போது, வாளியை ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.